தொடர்கதைகளும் நமக்கென்று இல்லாத நாவலும் – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் உயர்தர வகுப்பு மாணவிகள் பாடநூலுக்கு வெளியே வாசிப்பதெல்லாம் தொலைபேசியில் வரும் காதல் தொடர்களைத்தான். ஒருத்தி தானும் ஒரு தொடர் எழுதி வருகிறாள். அவளுடைய நாயகி சென்னையில் கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள், மெரினாவில் காதலனைச் சந்திக்கிறாள். எழுதுகிற பிள்ளையோ கொழும்பைத் தாண்டியதில்லை. நானும் ரமணிசந்திரனைப் படித்து வளர்ந்தவள் என்பதால் கண்டிக்க வாய் வரவில்லை. இந்த வாசிப்பு அவர்களை எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்குமா? தடுப்பதா, விடுவதா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

தடுக்க வேண்டாம். ஆனால் இத்தகைய கதைகளில் தொடங்குகிறவர்கள் படிப்படியாகத் தீவிர இலக்கியத்துக்கு வந்துவிடுவார்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதலை நான் சொல்லப் போவதில்லை. சிலர் வருவார்கள், பெரும்பாலானோர் வரமாட்டார்கள், வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாலை வரை மலையில் கொழுந்து பறித்துவிட்டு, சமையலும் முடித்து, படுக்குமுன் ஓர் அத்தியாயம் வாசிக்கிற பெண் தன் ரசனைக்காக எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டியவள் அல்லள்.

என் குறை வேறு. தேயிலைத் தோட்டங்களின் நம் மலையகத்துக்கென்று ஒரு வணிக நாவல் மரபே உருவாகவில்லை. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் ஈழத்து எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. குடும்பக் கதைகளும் மர்மக் கதைகளும் கலந்து வந்த அந்த வரிசையில்தான் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வெளியாயிற்று. தீவிரமானது, பொழுதுபோக்கானது என்ற பேதமின்றி ஒரே கடையில், ஒரே விலையில், ஒரே வாசகரிடம் போய்ச் சேர்ந்த காலம் அது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த முயற்சி மெல்லத் தளர்ந்தது. பிறகு நாம் பங்கு பிரித்துக்கொண்டோம்: அழுவதற்கு நம் எழுத்து, ஆசைப்படுவதற்குத் தமிழ்நாட்டு எழுத்து. நாடற்றோராக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டத்தையும், பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் அனுபவித்த சமூகம் துயரத்தை எழுதியதில் வியப்பில்லை. எனினும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த ஒரு பெண் மர்மத்தைத் துப்புத் துலக்குவதாகவோ, இரண்டு பேரில் எவனைக் கட்டுவது என்று தடுமாறுவதாகவோ நம் நாவல்களில் எத்தனை தடவை வாசித்திருக்கிறீர்கள்?

சரக்கு இல்லாமலில்லை. பகலில் பறித்த கொழுந்து ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், மேல்மாடித் தட்டுகளில் இரவெல்லாம் காற்றில் வாடிக்கிடந்து, விடியுமுன்னே இலையை உருட்டும் ரோலருக்கு இறங்குகிறது. ஊர் உறங்கும்போது அந்தக் கட்டடத்தில் மட்டும் விளக்கு எரிகிறது. மலையில் நிறுத்த கிலோவுக்கும் ஸ்டோரில் பதிந்த கிலோவுக்கும் இடையில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிபடுவது எவ்வளவு, அந்தக் கணக்குக் கொப்பியைத் திருத்துகிற கை எவருடையது என்பதை வைத்தே நல்ல குற்றக்கதை ஒன்றை எழுதலாம். கணக்கப்பிள்ளையின் மகனும் கொழுந்துக்காரியின் மகளும் காதலித்தால் அதற்கு மெரினா எதற்கு?

உங்கள் மாணவி ஏன் சென்னையை எழுதுகிறாள் என்பதற்கும் வாசிப்பு மாறிய விதத்திலேயே விடை இருக்கிறது. அடுத்த இதழுக்குக் காத்திருப்பது புதிதல்ல. ‘பொன்னியின் செல்வ’னுக்காக 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காத்திருந்தார்கள். ஆனால் அன்று ஒரு பிரதி அட்டை கிழியும் வரை வீடு வீடாகச் சென்றது, எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி உரக்க வாசித்துக் காட்டினாள். தொலைபேசியை அப்படி இரவல் கொடுக்க முடிவதில்லை. அதற்குப் பதிலாக, பிரதிலிபி போன்ற செயலிகளில் அத்தியாயம் ஏறிய உடனே கருத்துகள் வந்து விழுகின்றன. அவற்றை எழுதுவோரில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டினர் என்றால், கதை அவர்கள் அறிந்த தெருவுக்கு நகர்வது இயல்பே. பக்கத்து லயத்துப் பெண் இதை வாசிக்கிறாள் என்பதே எழுதுகிறவளுக்குத் தெரியாது. (அதே தொலைபேசியில் ‘நூலகம்’ என்ற இணையத் தளத்துக்குப் போனால் பழைய ஈழத்து நாவல்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.)

ஆகவே ஒன்று செய்து பாருங்கள். அந்தத் தொடரை வகுப்பில், அவள் சம்மதித்தால், உரக்க வாசிக்கச் செய்யுங்கள். இலக்கணப் பிழையைத் திருத்தாதீர்கள். நாயகி காலையில் எந்த பஸ்ஸில் ஏறுகிறாள், அதில் எவர் பக்கத்தில் உட்காருகிறாள் என்று மற்றப் பிள்ளைகள் கேட்கட்டும். கேள்வி வந்தால் அவளாகவே இடத்தை மாற்றுவாள் என்று நினைக்கிறேன். மாற்றாவிட்டாலும் குற்றமில்லை; அது அவளுடைய கதை. இதுவரை எழுதிய அத்தியாயங்களை அவள் அனுமதியோடு எனக்கு அனுப்பிவையுங்கள். மெரினாவில் சந்தித்தவனைத்தான் கட்டுகிறாளா என்று அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது.