புள்ளடியா, இலக்கமா?

கேள்வி: கடந்த ஜனாதிபதித் தேர்தலில் என் அம்மா தமக்குப் பிடித்தவருக்குப் புள்ளடியும் (X அடையாளமும்) இன்னொருவருக்கு 2 என்ற இலக்கமும் இட்டுவிட்டு வந்தார். அந்த வாக்குச்சீட்டு நிராகரிக்கப்பட்டிருக்கும் என்கிறார்கள். அவருடைய விருப்பம் பார்த்தவுடனே விளங்குகிறதே, ஐயா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிராகரிக்கப்பட்டிருக்கும் என்பது உண்மைதான். ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு 1 என்று இட்டு அத்துடன் நிறுத்தலாம். 1, 2 என்றோ 1, 2, 3 என்றோ விருப்ப வரிசையில் இடலாம். ஒருவருக்கு மட்டும் ஒரேயொரு புள்ளடி இட்டாலும் அது முதலாம் விருப்பாகக் கொள்ளப்படும். புள்ளடியையும் இலக்கத்தையும் கலந்தால் சீட்டு செல்லுபடியற்றதாகிறது. 1 இல்லாமல் 2 மட்டும் இட்டாலும், வாக்காளரை அடையாளம் காட்டும் கையெழுத்துப் போன்ற எதையாவது எழுதினாலும் அதே கதிதான். பாராளுமன்றத்துக்கும் உள்ளூராட்சிக்கும் காலமெல்லாம் புள்ளடியிட்டுப் பழகிய கை, ஏறத்தாழ நாற்பது பெயர்கள் கொண்ட, இரண்டு அடிக்கும் நீளமான சீட்டின் முன்னால் தடுமாறியதற்கு உங்கள் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றும் வரிசையில் நின்று வாக்களித்த ஒருவருடையது.

கேள்வி: 2, 3 என்று இட்டால் நான் முதலாவதாகத் தெரிவுசெய்தவரின் வாக்குக் குறைந்துவிடாதா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஒருபோதும் குறையாது. செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் எவரும் பெறாதபோது, முதல் இருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர். அவ்வாறு நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் மட்டுமே இரண்டாம் விருப்பும், அது முதல் இருவரில் ஒருவருக்கு இல்லையாயின் மூன்றாம் விருப்பும் பார்க்கப்படும். முதல் இருவருக்கு வாக்களித்தவர்களின் இரண்டாம் விருப்பை எவரும் எண்ணுவதேயில்லை.

2024 செப்டெம்பரில் இந்த ஏற்பாடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதமும் சஜித் பிரேமதாச 32.76 சதவீதமும் பெற்றதால், ஏனையோருக்கு விழுந்த 33 இலட்சத்துக்கும் அதிகமான சீட்டுகள் மறுபடி பார்க்கப்பட்டன. அவற்றிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 1,05,264. சஜித்துக்குச் சேர்ந்தவை 1,67,867. எஞ்சிய முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறுதிப் போட்டியில் எந்தப் பக்கமும் இல்லை. இருவருக்கும் இடையிலான இறுதி வித்தியாசமோ ஏறத்தாழ 12 இலட்சம். வேண்டுமென்றே இலக்கமிடாமல் விட்டவர்கள் இருப்பார்கள், அது அவர்களுடைய உரிமை. ஆனால், உங்களைப் போல் அஞ்சி விட்டவர்களை நினைக்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவின் புளோரிடாவில் 2000ஆம் ஆண்டு என்ன நடந்தது?
மாணவர், பம்பலப்பிட்டி

பதில்: ஜோர்ஜ் புஷ்ஷும் அல் கோரும் மோதிய அத்தேர்தலில், அந்த ஒரு மாநிலத்தின் முடிவே யார் ஜனாதிபதி என்பதைத் தீர்மானிக்கும் நிலை வந்தது, அங்கு அறிவிக்கப்பட்ட வித்தியாசம் வெறும் 537 வாக்குகள். பல மாவட்டங்களில் வாக்காளர்கள் ஓர் அட்டையில் துளையிட்டு வாக்களித்தார்கள். சில அட்டைகளில் துளையிலிருந்து விழ வேண்டிய சிறு துண்டு ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது, சிலவற்றில் வெறும் பள்ளம் மட்டுமே இருந்தது. மீள எண்ணிய அலுவலர்கள் அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பார்த்தார்கள். பாம் பீச் மாவட்டத்திலோ பெயர்கள் இரு பக்கமும் அச்சிடப்பட்டு, துளைகள் நடுவில் இருந்தன. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த கோருக்கு உரியது மூன்றாம் துளை. அங்கே 19,000க்கும் அதிகமான அட்டைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்ததால் அவை கழிக்கப்பட்டன.

வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றது அம்மாநிலச் சட்டம். எது தெளிவு என்பதற்குப் பொது அளவுகோல் இல்லாததால், ஒரு மாவட்டத்தில் ஏற்கப்படும் அட்டை அடுத்ததில் தள்ளப்படக்கூடிய நிலை இருந்தது. இதைச் சுட்டிக்காட்டிய அமெரிக்க உயர் நீதிமன்றம், டிசம்பர் 12ஆம் திகதி ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் மீள எண்ணுவதை முடித்துவைத்தது. குறையைத் திருத்தி எண்ண விட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வெள்ளவத்தை வாசகியின் அம்மாவுடைய சீட்டை நம் விதி கழித்தது கடுமைதான். ஆயினும், அது இடத்துக்கு இடம் மாறுவதில்லை, யாழ்ப்பாணத்திலும் அதே விதிதான்.

கேள்வி: இருவரும் சரிசமமாக வாக்குப் பெற்றால்? முடிவை எதிர்க்க விரும்பினால்?
வாசகர், தெமட்டகொடை

பதில்: சமநிலை வந்தால் திருவுளச்சீட்டு. முடிவை எதிர்ப்பவர், அது வெளியிடப்பட்ட 21 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். குறைந்தது ஐந்து நீதியரசர்கள் அதை விசாரிப்பார்கள். 1988 தேர்தலை எதிர்த்து சிறிமாவோ பண்டாரநாயக்க தாக்கல் செய்த மனு 1992இல்தான் தள்ளுபடியானது.