“நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” – கேள்வி பதில்

பேராவூரணிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். கல்லூரியில் சமூகவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். ஊருக்கும் உறவுக்கும் பயந்து நாம் செய்கிறவை, செய்யாமல் விடுகிறவை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி மொய் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (சென்னை): ஐயா, உங்கள் பக்கத்து நண்பர் ஒருவர் மொய் விருந்து, அதாவது மொய்ப் பணம் திரட்டவே வைக்கும் விருந்து, வைத்துச் சில லட்சங்கள் வாங்கினார். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. திருப்பித் தராவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும்?

பதில்: மொய்யைக் கேட்டு யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. போகத் தேவையும் வருவதில்லை.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்துதான். செலவு குறையட்டும் என்று பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள். கிடா வெட்டிக் கறிச்சோறு. விருந்து வைக்கும் ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு. முன்பு உங்களிடம் 1,000 ரூபாய் வாங்கியவர் அந்த 1,000-த்தோடு புதிதாக இன்னொரு தொகையும் சேர்த்து எழுதுவார். பழையது கடன் கழிந்தது. புதியது இனி உங்கள் மேல் ஏறிய கடன். இப்படித்தான் கணக்கு முடியாமல் ஓடுகிறது. வட்டி கிடையாது. ஒருவர் மறுபடி விருந்து வைக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆகும். அந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள், பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு.

சரி, தராதவருக்கு என்ன தண்டனை? விருந்து முடிந்த இரவே வீட்டில் நோட்டைப் புரட்டுவார்கள். யார் வரவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். ஒரு வாரத்தில் டீக்கடையில் பேச்சு வரும். அடுத்து அவர் விருந்து வைத்தால் பந்தல் காலியாக இருக்கும். பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போகும்போது “செய்முறை சரியில்லாத வீடு” என்ற சொல் அவருக்கு முன்னே போய் நிற்கும். சாகிற வரை முகம் பார்த்துப் பழக வேண்டிய மனிதர்களிடம் இந்தப் பெயரை வாங்க யாருக்கும் துணிவு வராது. நிலத்தை விற்றுவிட்டு வெளியூரில் குடியேறியவரிடம் அதே மிரட்டல் பலிப்பதில்லை. எழுதாத சட்டத்துக்கு எல்லை அதுதான்.

கேள்வி (பட்டுக்கோட்டை): அப்பா வாங்கிய மொய்யை இப்போது நான் செய்ய வேண்டும். கஜா புயலில் தென்னை முழுக்கப் போய்விட்டது. கையில் இல்லாமல் போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு விருந்துக்குப் போகாமலே இருந்துவிட்டேன்.

பதில்: தம்பி, இனி அப்படி இருக்காதீங்க. 2018 நவம்பரில் அந்த ஒரே இரவில் சாய்ந்தது உங்கள் தோப்பு மட்டுமில்லை. மொய் வாங்க வேண்டியவர்களும் அதே புயலில் அடிபட்டவர்கள்தான், அவர்களுக்கு உங்கள் நிலைமை புரியும். விருந்துக்கு முன்பே வீட்டுக்குப் போய், “இந்தத் தடவை பாதிதான் முடியும், மீதியைப் பின்னால் செய்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். என் அப்பாவும் ஒரு வறட்சி வருஷத்தில் இதைத்தான் செய்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஊர் கோபப்படுவது கையில் இல்லாதவர் மேல் அல்ல, ஒளிகிறவர் மேல். நீங்கள் வராததை “இருந்தும் தர மனசில்லை” என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி (கோவை): எங்கள் அடுக்குமாடியில் குப்பையைப் படிக்கட்டில் வைக்கிறார்கள். 100 ரூபாய் அபராதம் போடலாம் என்று சங்கத்தில் பேச்சு. பலன் இருக்குமா?

பதில்: எச்சரிக்கையாக இருங்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை ‘ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாரே’ என்ற உறுத்தல் இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணம் ஆகிவிட்டது. காசு கொடுக்கிறோம், இருக்கட்டுமே என்று நினைத்தார்கள். பிறகு அபராதத்தை நீக்கியும் தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

100 ரூபாய் உங்கள் குடியிருப்பில் பெரிய தொகை இல்லையென்றால் இதே கதைதான் நடக்கும். முதலில் அந்தத் தளத்துக்காரர்களே நேரில் போய்ச் சொல்லட்டும்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): விழுமியம், நெறி இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: எது நல்லது என்று நாம் மதிப்பது விழுமியம். அதைக் காக்க இன்ன இடத்தில் இப்படி நடக்க வேண்டும் என்ற எழுதாத விதி நெறி. வந்தவரைப் பசியோடு அனுப்பக் கூடாது என்பது விழுமியம். அவர் இலையில் சாப்பிட உட்கார்ந்தபின் பாதியில் எழுப்பக் கூடாது என்பது நெறி.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்): சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் எங்கள் குடும்பத்தை ஊர் விலக்கி வைத்திருக்கிறது. கடையில் சாமான் கூடத் தருவதில்லை. இதுவும் ஊர்க் கட்டுப்பாடுதானே என்கிறார்கள்.

பதில்: அம்மா, இது கட்டுப்பாடு இல்லை, குற்றம். மொய் விருந்தை நான் இவ்வளவு மெச்சிச் சொன்னதால் இதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். டீக்கடைப் பேச்சுக்கும் பெண் தர மறுப்பதற்கும் உள்ள அதே வலு, ஒரு குடும்பத்தின் வாழ்வையே முடக்கவும் பயன்படுகிறது. சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களைத் துன்புறுத்தும் கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம் என்று 2011-இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது சமூகப் புறக்கணிப்பு விதிப்பதை, அப்படி மிரட்டுவதைக்கூட, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் இதற்கென்றே தனிச் சட்டம் வந்து மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. யார், எந்தத் தேதியில், எதைத் தர மறுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். தனியாகப் போகாதீங்க, உங்கள் பக்கம் நிற்கும் ஒருவரையாவது கூட்டிப் போங்கள்.

கேள்வி (சேலம்): வரதட்சணையைத் தனியாகப் பேசினால் எல்லாரும் வெறுக்கிறார்கள். ஆனால் நிற்கவில்லையே?

பதில்: நான் மட்டும் நிறுத்தினால் என் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்று ஒவ்வொருவருக்கும் பயம். சீனாவில் பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் பல நூற்றாண்டு நீடித்ததும் இந்தப் பயத்தால்தான். அதை உடைக்கச் சங்கங்கள் தோன்றின. சேர்ந்த பெற்றோர் இரண்டு உறுதிமொழி எடுத்தார்கள்: என் பெண்ணுக்குப் பாதம் கட்ட மாட்டேன், பாதம் கட்டிய பெண்ணை என் பையனுக்கு எடுக்க மாட்டேன். இரண்டாவதுதான் உயிர்நாடி, பாதம் கட்டாத பெண்ணுக்கும் மாப்பிள்ளை உண்டு என்று அது காட்டியது. பெய்ஜிங்குக்குத் தெற்கே டிங்சியான் பகுதியில் 1889-இல் 99 விழுக்காடாக இருந்த வழக்கம் 1919-க்குள் புதிதாக ஒரு குழந்தைக்கும் இல்லை என்ற நிலைக்கு வந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் நம்மிடம் 1961 முதல் இருக்கிறது. பையன் வீட்டார் பத்துப் பேர் சேர்ந்து ஊரறிய “வாங்க மாட்டோம்” என்று சொல்வதைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி (புதுக்கோட்டை): மகள் கல்யாணப் பத்திரிகையில் “மொய் தவிர்க்கவும்” என்று போட நினைக்கிறேன். உறவுகள் கோபப்படுகிறார்கள். ஏன்?

பதில்: நீங்கள் செய்த மொய்யை வைத்திருப்பவர்கள், அதைக் கழிக்க இந்தக் கல்யாணத்துக்காகக் காத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால், அவர்களைக் கடைசிவரை கடன்காரராகவே நிறுத்துகிறீர்கள். பத்திரிகையில் போடுங்கள், ஆனால் பழைய நோட்டோடு ஒரு மேசையையும் வையுங்கள். திருப்பித் தர விரும்புகிறவரிடம் பழசை மட்டும் வாங்கி, அவர் எதிரிலேயே அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். புதுசு எழுத வேண்டாம்.