துத்தநாகக் கணக்கு: டீச்சரிடம் கேட்டவை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளும் சில பெரியவர்களும் கேட்டவை இவை. துத்தநாகச் சேர்மங்களின் வேதி வாய்பாடுகளை எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை அணு என்று எண்ணுவதுதான் கணக்கு. வாய்பாடுகளை வகுப்பில் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். இசட்என் என்றால் துத்தநாகம், அதாவது சிங்க். ஓ ஆக்சிஜன், எஸ் கந்தகம், சி கார்பன், சிஎல் குளோரின், என் நைட்ரஜன், எச் ஹைட்ரஜன், பி பாஸ்பரஸ்.

டீச்சர், எல்லா வாய்பாடும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம் கண்ணு. துத்தநாகத்தின் இணைதிறன், அதாவது மற்றவற்றோடு சேரும் திறன், 2. இரும்பைப் போல ஓரிடத்தில் 2, இன்னோரிடத்தில் 3 என்று மாறாது. எதிரே வருவது யார் என்று மட்டும் பார். ஆக்சைடு, சல்ஃபைடு ரெண்டுக்கும் 2தான், அதனால் ஒன்றுக்கு ஒன்று: இசட்என்ஓ, இசட்என்எஸ். இரண்டிரண்டு அணுக்கள். கார்பனேட்டும் அப்படியே, இசட்என்சிஓ3, ஐந்து அணு. குளோரைடுக்கு 1, ஆகவே இசட்என்சிஎல்2, மூன்று அணு. இதில் 'சி' தனி, 'எல்' தனி என்று எண்ணி நாலு போடுகிறவர்கள் வருஷம் தவறாமல் வருகிறார்கள். சிஎல் ஒரே அணு.

துத்தநாக நைட்ரேட்டுல அணுவை எண்ணினா எனக்கு 5 வருது, விடையில 9 இருக்கு.

இசட்என்(என்ஓ3)2. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2 உன் கண்ணில் படவில்லை. உள்ளே இருப்பது மொத்தமும் இருமடங்கு: நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6, துத்தநாகம் 1. அசிடேட்டை நீயே போட்டுப் பார்: இசட்என்(சிஎச்3சிஓஓ)2. 15 வந்தால் சரி.

ஃபாஸ்பேட், ஃபாஸ்ஃபைடு ரெண்டும் ஒண்ணா டீச்சர்?

ஐயோ, இல்லை! ஃபாஸ்பேட் இசட்என்3(பிஓ4)2, 13 அணு. இரும்புக்கு அடிக்கும் துரு தடுப்பு பெயிண்டில் இருக்கும். ஃபாஸ்ஃபைடு இசட்என்3பி2, ஐந்தே அணு, ஆக்சிஜன் கிடையாது. அது எலி மருந்து. வயிற்று அமிலம் பட்டால் ஃபாஸ்ஃபீன் என்ற நச்சு வாயு கிளம்பும். பரீட்சையில் மாற்றி எழுதினால் மார்க்கோடு போயிற்று, வீட்டில் அப்படி அல்ல.

டீச்சரம்மா, நெல்லுக்கு சிங்க் சல்ஃபேட் வாங்கப் போனா 21 சதவீதம், 33 சதவீதம்னு ரெண்டு பை காட்டுறாங்க. எதுங்க அசல்?

ரெண்டும் அசல்தானுங்க. அந்தச் சதவீதம் பையில் இருக்கும் துத்தநாகத்தின் பங்கு. வித்தியாசம் உள்ளே பிடித்து வைத்திருக்கிற தண்ணீரில் இருக்கிறது. 21 பையில் இருப்பது இசட்என்எஸ்ஓ4·7எச்2ஓ. நடுவில் இருக்கும் புள்ளி பெருக்கல் குறி அல்ல, 'கூட' என்று படியுங்கள். சல்ஃபேட்டில் 6 அணு. தண்ணீர் ஒன்றுக்கு 3 வீதம் ஏழுக்கு 21. மொத்தம் 27: துத்தநாகம் 1, கந்தகம் 1, ஹைட்ரஜன் 14, ஆக்சிஜன் 11. பிள்ளைகள் தடுமாறுவது ஆக்சிஜனில்தான். சல்ஃபேட்டின் 4 அணுவையும் தண்ணீரின் 7 அணுவையும் சேர்க்க மறந்துவிடுவார்கள்.

இப்போது எடை. எல்லா அணுக்களின் அணு எடையையும் கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய 287.5, அதில் துத்தநாகம் 65.4. சுத்தமான உப்பில் 22.7 சதவீதம் வரும், பையில் 21க்கு உத்தரவாதம் தருகிறார்கள். 33 பையில் சல்ஃபேட்டோடு ஒரே ஒரு தண்ணீர்தான், மொத்தம் 9 அணு. சுத்தமாக இருந்தால் துத்தநாகம் 36.4 சதவீதம். ஏக்கருக்கு 21 பையில் 10 கிலோ போடுகிறவர், 33 பை வாங்கினால் சுமார் 6.4 கிலோ போட்டால் போதும். விலையையும் கிலோவுக்குப் பார்க்காமல் துத்தநாகத்துக்குப் பாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஏபி, சூப்பர் பாஸ்பேட் போன்ற பாஸ்பேட் உரங்களோடு இதைக் கலந்து வீசாதீர்கள். மேலே சொன்ன 13 அணுக்காரன், துத்தநாக ஃபாஸ்பேட், அங்கே உருவாகிவிடுவான், தண்ணீரில் கரையமாட்டான், பயிருக்கும் கிடைக்காது.

அப்போ 27 அணு வந்தா சல்ஃபேட்னு கண்ணை மூடிட்டு எழுதலாமா?

கூடாது. துத்தநாக நைட்ரேட்டோடு ஆறு தண்ணீர் சேர்ந்தாலும் 9 கூட்டல் 18, அதே 27!

பேதிக்குக் கொடுக்கும் சிங்க் மாத்திரை 20 மில்லிகிராம் என்பது மாத்திரையில் இருக்கும் துத்தநாக உப்பின் எடையா அக்கா?

இல்லைம்மா, துத்தநாகத்தின் எடை மட்டும். மாத்திரையில் இரண்டு தண்ணீர் கொண்ட அசிடேட் இருந்தால், அந்த 20க்கு உப்பு சுமார் 67 மில்லிகிராம் வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10தான். பேதி நின்றாலும் நிறுத்தாமல் 14 நாள் கொடுக்க வேண்டும், உப்புச் சர்க்கரைக் கரைசலும் கூடவே.