உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த பேருந்து நின்றுபோன அனுபவம் உண்டா? அதைப் பற்றி என்ன நினைவிருக்கிறது?

உண்டு. ஆனால் என்றைக்கு நின்றது என்று கேட்டால் எங்கள் வீட்டிலேயே இரண்டு பதில் வரும். அம்மா 2022 என்பார். அப்பா 2020 மார்ச் 24 என்பார். எனக்கு அப்பா சொல்வதுதான் சரி என்று படுகிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் சாலை சிலருக்குத் தெரிந்திருக்கும். கொடைக்கானல் போகிற கூட்டம் காட்ரோடு பக்கம் போய்விடுவதால் இந்தப் பாதை பலர் கண்ணில் பட்டிருக்காது. தாண்டிக்குடியிலிருந்து பிரிகிற ஒரு கிளைச் சாலை எங்கள் ஊரோடு முடிந்துவிடும். ஊர்ப் பெயர் வேண்டாம். அறுபது வீடு இருந்தால் அதிகம். காப்பி, அதற்கு நிழலாக சில்வர் ஓக், ஓக்கில் ஏறிய மிளகு, நடுநடுவே ஆரஞ்சும் மலைவாழையும். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாச்சி வாழைதான். தாத்தா காலத்தில் மலையே வாழையாகத்தான் இருந்ததாம். முடிக்கொத்து நோய் வந்து அதில் பெரும்பகுதி போய்விட்டது.

ஊருக்கு ஒரே பஸ். அது நைட் ஹால்ட் வண்டி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கடைசி ட்ரிப்பில் மேலே வரும் பஸ் அன்றிரவு டெப்போவுக்குத் திரும்பாது. டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து, விடிகாலையில் முதல் ட்ரிப்பை அங்கிருந்தே எடுப்பார்கள். மலைச்சாலையின் கடைசி ஊருக்கு பஸ் வசதி என்றால் உண்மையில் இதுதான். காலை ஐந்தே முக்காலுக்கு ஏறினால் எட்டேகாலுக்கு வத்தலக்குண்டு. மாலை ஐந்துக்கு அங்கே ஏறினால் ஏழரைக்கு வீடு. ஆஸ்பத்திரியோ பாங்க் வேலையோ காப்பி விற்ற கணக்கோ, எதுவானாலும் ஒரே நாளில் முடித்துவிடலாம். பகலில் வந்து திரும்புகிற பஸ் நாலு விட்டாலும் இதற்கு ஈடாகாது.

ஒன்பதாவதும் பத்தாவதும் அந்த ஐந்தே முக்கால் வண்டியில் போய்த்தான் தாண்டிக்குடியில் படித்தேன். ஆறரைக்கு இறக்கி விட்டுவிடும். பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கும். மழைக்காலத்தில் டீக்கடை அடுப்பு ஓரமாகவும், மற்ற நாளில் பள்ளி வராந்தாவிலும் உட்கார்ந்திருப்போம். வீட்டுப்பாடமெல்லாம் அங்கேதான் எழுதியது. மாலையில் பள்ளி விட்டபின் மறுபடி இரண்டரை மணி நேரக் காத்திருப்பு. அந்த இரண்டு வருஷமும் நான் ஊரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தது சனி, ஞாயிறுகளில்தான்.

ஆனாலும் அலுக்கவில்லை. காரணம் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் பெட்டி. குளிர்காலத்தில் அதன் சூட்டுக்காக நாங்கள் அடித்துக்கொள்வோம். அங்கே உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே எனக்கு மலையில் வண்டி ஓட்டுவது புரிந்தது. ஏறும்போது எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது முதல் பாடம். எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும், பிரேக்கைச் சும்மா தொட்டால் போதும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறக்கினால் லைனர் சூடேறி, கருகிய வாசம் வரும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. "நியூட்ரல்ல விட்டா அது நம்ம வண்டி இல்லடா, மலையோட வண்டி" என்பார் டிரைவர் அண்ணன். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். இன்றைக்குக் கார் எடுத்துக்கொண்டு மலை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை.

கொண்டை ஊசி வளைவு வந்தால் கண்டக்டர் பின்படிக்குப் போய்விடுவார். பின்சக்கரம் தார் விளிம்பில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போகலாம். ஒரே மூச்சில் திரும்ப முடியாத வளைவு எங்கள் கிளைச் சாலையில் ஒன்று உண்டு. அங்கே வண்டியைப் பாதி திருப்பி, பின்னால் எடுத்து, மறுபடி திருப்ப வேண்டும். பின்னால் எடுக்கும்போது "வா, வா, வா" என்று கண்டக்டர் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் நின்றால் டிரைவர் கால் பிரேக்குக்குப் போய்விடும். புதிதாக ஏறியவர்கள் அந்த இடத்தில் முருகனைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஊரில் வண்டி நிற்பது சாவடிக்கு முன்னால் இருக்கும் சரிவில், மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி. அதற்குக் காரணம் இருந்தது. பழைய வண்டி, பனியில் பாட்டரி இறங்கிவிட்டால் செல்ஃப் எடுக்காது. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கல்லை எடுத்துவிட்டு உருட்டினால் சரிவிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். அந்தக் கற்கள் இரண்டும் ஊரார் தேடிக் கொண்டுவந்து போட்டவை. ஒன்றை நகர்த்தவே ஆள் பலம் வேண்டும். காலையில் கல் எடுக்கிற பொறுப்பு, பஸ்ஸுக்கு யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு. அதனாலேயே கடைசி நிமிஷத்தில் ஓடிவருகிற சிலரை எனக்குத் தெரியும், அதில் என் சித்தப்பாவும் ஒருவர்.

ஆட்கள் ஏறி இறங்கியதைவிடச் சீட்டுகள் போய்வந்ததுதான் அதிகம் என்று தோன்றுகிறது. கண்டக்டர் சட்டைப் பையில் டிக்கெட் பணம் ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் ஊராரின் துண்டுச்சீட்டுகள் இருக்கும். அப்பத்தாவின் சர்க்கரை மாத்திரை, யாரோ வீட்டு மோட்டாருக்கு ஒரு வாஷர், பொங்கலுக்குக் கோலப்பொடி. காலையில் சீட்டும் பணமும் கொடுத்தால் மாலையில் பொருளும் மீதிச் சில்லறையும் வரும். இது அவர் வேலையே இல்லை. எந்த விதியிலும் இருந்திருக்காது, ஒருவேளை விதிக்கு விரோதமாகக்கூட இருந்திருக்கும். மாத்திரை வந்திருந்தால் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள திருப்பத்திலேயே இரண்டு ஹாரன் கேட்கும். நான் டார்ச் லைட்டோடு இறங்கி ஓடுவேன். ஹாரன் கேட்காத அன்று அப்பத்தா, "கடைக்காரன் இல்லேன்டான் போல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாள். கண்டக்டர் மறந்திருப்பார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சரி, அப்படிப்பட்ட பஸ் ஏன் நின்றது? அடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன்னால் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் வேலை கிடைத்ததும் செகண்ட் ஹாண்டில் ஒரு பைக் வாங்கினேன். அதற்குப்பின் அந்த பஸ்ஸில் நான் ஏறியது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். என்னைப் போலவே எல்லோரும். முதலில் ஆண்கள் இறங்கிவிட்டோம். பைக்குக்கு ஐந்தே முக்கால், ஐந்து மணி என்ற தொல்லை இல்லை. மூட்டை முடிச்சுக்கு ஷேர் ஜீப் வந்தது, வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டது. பஸ்ஸில் மிஞ்சியது பெண்கள், வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு இலவசப் பாஸ். போக்குவரத்துக் கணக்கில் ஒரு தடத்தைப் பார்ப்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்றுதான். மலையில் டீசல் அதிகம் குடிக்கும், டயரும் லைனரும் சீக்கிரம் தேயும், வேகமும் போக முடியாது. ஐம்பது பேர் ஏறினாலே கட்டுப்படியாவது கஷ்டம். பதினைந்து பேர் ஏறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம்.

இருந்தும் வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. அதன் அருமை எனக்குப் புரிந்தது கஜா புயலின்போது.

2018 நவம்பர் 16. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் நள்ளிரவுக்குப் பிறகு கரை ஏறிய புயல், நேராக மேற்கே திண்டுக்கல், கொடைக்கானல் மலை என்று வந்தது. கடலோரத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்து நான் முந்தின நாள் ஊருக்குப் போயிருந்தேன். விடிகாலை ஐந்தரைக்கு வண்டியில் ஏழெட்டுப் பேர் ஏறி உட்கார்ந்தாயிற்று. காற்று ஒருமாதிரி சுழன்று அடித்தது. டிரைவர் அண்ணன் கீழே இறங்கி, ஓக் மரங்களின் உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு எடுக்கல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். ஒரு பெரியவர், "ஆஸ்பத்திரிக்குப் போகணும்பா" என்று சண்டைக்கே போனார். டிரைவர் பதில் சொல்லவில்லை, முட்டுக்கல்லுக்குப் பின்னால் இன்னொரு கல்லைத் தூக்கி வைத்தார்.

காலை முழுக்க மரங்கள் விழுந்தன. சத்தத்தை வைத்தே எந்தத் தோட்டம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், எங்கள் தோட்டம் வந்ததும் நிறுத்திவிட்டார். மழை விட்டபின் போய்ப் பார்த்தால், அந்தத் திரும்ப முடியாத வளைவுக்கு முன்னும் பின்னுமாகச் சாலை நெடுக மரங்கள். ஒரு இடத்தில் மண்ணும் சரிந்திருந்தது. வழக்கமான நேரத்துக்கு எடுத்திருந்தால் வண்டி அங்கேதான் இருந்திருக்கும்.

ஐந்து நாள் பஸ் ஊரிலேயே நின்றது. கரண்ட் இல்லை, போன் இல்லை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வேளைக்கு ஒரு வீட்டில் சாப்பாடு. வீடு ஒழுகிய இரண்டு குடும்பங்கள் ராத்திரி பஸ்ஸுக்குள் படுத்தார்கள். பகலில் ஊரே ரம்பமும் அரிவாளுமாகச் சாலையில் நின்றது. கண்டக்டர் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு கயிறு இழுத்தார். மரங்களை வெட்டி ஒதுக்கிய அந்தச் சாலையில் முதலில் இறங்கியது அந்த பஸ்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பெரியவர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். நானும் பைக்கை விட்டுவிட்டு அதில்தான் போனேன். கண்டக்டர் எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஐந்து நாள் எங்கள் ஊர்ச் சோறு சாப்பிட்ட மனிதர், டிக்கெட் விஷயத்தில் மட்டும் கறார்.

அப்புறம் 2020. மார்ச் 24 செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாடு முழுக்க 144 என்று அறிவித்திருந்தார்கள். அன்று காலை வண்டி வழக்கம்போல ஐந்தே முக்காலுக்குக் கீழே போனது. ராத்திரி திரும்பி வரவில்லை. இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

செப்டம்பரில் பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின. எங்கள் பஸ்ஸும் வந்தது. ஆனால் நைட் ஹால்ட் இல்லை. ஆள் பற்றாக்குறை என்று ஒரு காரணம் சொன்னார்கள், கூட்டமே இல்லாத வண்டிக்கு எதற்கு ராத்தங்கல் என்று இன்னொரு காரணம். புது நேரப்படி பதினொரு மணிக்கு மேலே வந்து பதினொன்றரைக்குக் கிளம்பும். அதில் ஏறிக் கீழே போனால் திரும்பி வர வண்டி கிடையாது. பிள்ளைகளுக்கும் உதவாது, நோயாளிகளுக்கும் உதவாது. மலையில் எந்த வேலையும் பதினொன்றரைக்குத் தொடங்குவதில்லை. யாரும் ஏறவில்லை. யாரும் ஏறவில்லை என்பதால் வசூல் இல்லை, வசூல் இல்லை என்று 2022-ல் அதையும் நிறுத்தினார்கள். அம்மா சொல்லும் தேதி அதுதான். ஊரில் நாலு பேர் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். வசூல் விவரத்தை எடுத்துக் காட்டினார்களாம். அந்த விவரத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பதினொன்றரை வண்டியின் வசூல்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-ல் வந்தபோது, சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான் என்பதால் மலைக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லது. பஸ்ஸு?" என்று கேட்டார்.

இப்போது ஷேர் ஜீப்தான். ஆள் நிறைந்தால் கிளம்பும், நிறையாவிட்டால் கிளம்பாது. எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளில் சிலர் கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். இரண்டு குடும்பம் பட்டிவீரன்பட்டிப் பக்கமே குடிபோய்விட்டது, காப்பி பறிக்கும் மாதங்களில் மட்டும் வருகிறார்கள். முட்டுக்கற்கள் சாவடிக்கு முன்னால் அப்படியே கிடக்கின்றன. இடத்தை மாற்ற யாருக்கும் தெம்பு இல்லை.

சாவடியை ஒட்டிய அறையில்தான் டிரைவரும் கண்டக்டரும் படுப்பார்கள். மார்ச் 24 காலையில் போனபோது கண்டக்டர் தன் கம்பளிப் போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், ராத்திரி வந்துவிடுவோம் என்று. ஊரடங்கு முடிந்தபின் வந்த பகல் வண்டியில் வேறு கண்டக்டர். போர்வையில் எலி விழுந்துவிடும் என்று அப்பா எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். போன வருஷம் எப்படியோ பழைய கண்டக்டரின் நம்பர் கிடைத்து அப்பா பேசினார். ரிட்டயர் ஆகிவிட்டாராம். "தம்பி, உன் போர்வை இங்க கெடக்கு, ஆள்கிட்ட குடுத்து விடவா?" என்று அப்பா கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இருக்கட்டும்ணே. திரும்ப ஹால்ட் போட்டாங்கன்னா வர்றவன் போர்வை இல்லாமத்தான் வருவான். மேல குளிரு எப்படின்னு அவனுக்கு என்ன தெரியும்."

அம்மா அதைத் துவைத்துப் பரணில் வைத்திருக்கிறார்.