செம்மண் என்றால் எவ்வளவு சிவப்பு? – கேள்வி பதில்

மண் கணக்கெடுப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்று சேலத்தில் இருக்கிறேன். நிறம் அளப்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

வேளாண் மாணவி, சேலம்: அக்கா, மண்ணின் நிறத்தை '2.5 ஒய்ஆர் 3/6' என்று எழுதுகிறார்களே, அதைப் பிரித்துச் சொல்லுங்களேன்.

முதலில் வருவது சாயல். ஆர் என்றால் சிவப்பு, ஒய்ஆர் என்றால் மஞ்சள் கலந்த சிவப்பு. 10 ஆர், 2.5 ஒய்ஆர், 5 ஒய்ஆர் என்று போகப்போக சிவப்பு குறைந்து மஞ்சள் ஏறும். 3 என்பது வெளிர்வு. 0 கறுப்பு, 10 வெள்ளை. 6 என்பது செறிவு. இது குறைந்தால் நிறம் சாம்பல் தட்டும். ஆக, நீ கேட்டது அடர் சிவப்பு. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் வகுத்த முறை இது. சாயலுக்கு ஒரு பக்கமாக வண்ணச் சில்லுகள் ஒட்டிய அட்டைப் புத்தகத்தோடு மண்ணை ஒப்பிட்டு அளக்கிறோம்.

காபி விவசாயி, ஏற்காடு: ஒரே மண், காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம். அட்டை தப்பா?

அட்டை மேல் பழி போடாதீங்க. சில்வர் ஓக் நிழலில் நின்று பார்த்திருப்பீங்க, இலைப்பச்சை மண்ணிலும் விழும். வெயிலுக்கு வாங்க, கூலிங் கிளாஸைக் கழற்றுங்க. கட்டியைக் கையால் உடைத்து, புதிதாகப் பிளந்த முகத்தை அட்டையின் ஓட்டைக்குப் பின்னால் பிடிங்க. சேற்று விரல் வண்ணச் சில்லில் படக்கூடாது. நானே ஒருமுறை பொழுது சாயும் நேரத்தில் அவசரமாக அளந்தேன். மறுநாள் மதியம் பார்த்தால் ஒரு பக்கம் தள்ளி மஞ்சளாக இருந்தது. குழியை மூடிவிட்டிருந்தோம், மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

மரவள்ளி விவசாயி, ஆத்தூர்: ஈரமாக அளக்கணுமா, காய்ந்தா?

இரண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டே வாங்க. இதற்கு மேல் கறுக்காது என்ற இடம்தான் ஈர நிறம். அதற்காகப் பளபளவென்று நீர்ப்படலம் நிற்கக்கூடாது. அமெரிக்க மண் வகைப்பாட்டில் அடர் சிவப்பு மண்ணுக்குத் தரும் 'ரோடிக்' என்ற பெயர் வாங்க, சாயல் 2.5 ஒய்ஆர் அல்லது அதைவிடச் சிவப்பு, ஈர வெளிர்வு 3-க்கு மேல் போகக்கூடாது, காய்ந்தபின் ஒரு படிக்கு மேல் வெளுக்கவும் கூடாது. ஒன்றை மட்டும் அளந்தால் இதை எப்படித் தீர்மானிப்பது? ஈரமா உலர்வா என்று எழுதாத குறிப்பை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கரிசல் இவ்வளவு கறுப்பு என்றால் மக்கிய பொருளும் அதிகம்தானே?

இல்லை. பெரும்பாலும் கரிமச்சத்து குறைவுதான். இருக்கிற கொஞ்சம் மக்கு களியோடு இறுகப் பிணைந்து கறுப்பைக் காட்டுகிறது.

போனில் படமெடுத்து அனுப்பினால் சொல்வீர்களா?

மாட்டேன். போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும்.

ஓமலூர்: 2 அடிக்குக் கீழே சாம்பல் மண், நடுவே துருத் திட்டுகள். எந்த நிறத்தை எழுதுவது?

இரண்டையும் தனித்தனியாக எழுதுங்க. எது எத்தனை சதவீதம் என்றும் குறிங்க. சாம்பலின் செறிவு 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால், வருடத்தில் சில காலம் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். காற்றில்லாமல் இரும்பு கரைந்து நகர்ந்து, காற்று புகும் வேர்த்தடத்தில் துருவாகப் படிந்திருக்கும். குழி இப்போது காய்ந்து கிடக்கிறதே என்று நம்பி வடிகால் எடுக்காமல் வாழை வைத்துவிடாதீங்க.