சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்ததுண்டா? அந்தப் பயம் எப்படிப் போனது?

பயந்ததுண்டாவா! எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருந்தது. பொழுது சாய்ந்துவிட்டால் ஆச்சியை எழுப்பாமல் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. பாவம், அவளும் முணுமுணுத்துக்கொண்டே அரிக்கேன் விளக்கோடு வருவாள்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். அங்கெல்லாம் இருட்டு காலியாக இருக்காது, அதில் ஆள் குடியிருக்கும். காவல் தெய்வமான சுடலைமாடன் கோயிலில் கொடை, அதாவது திருவிழா, என்றால் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டில் மாடன் கதை ஓடும். நடுச்சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். யாரும் எதிரே வரக்கூடாது என்று எங்களை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வேட்டையை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பாதிப் பயம் அங்கேயே தீர்ந்திருக்கும். பார்க்காததால், மேளச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நடப்பதையெல்லாம் நானே கட்டிக்கொண்டேன். கொடை முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் என்னுடைய மாடன் மட்டும் எங்கள் முருங்கை மரத்தடியை விட்டு நகரவில்லை.

இதில் கண்ணுக்கும் பங்குண்டு என்று வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது, சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால் இருட்டில் ஒன்றை நேராக முறைத்துப் பார்த்தால் அது மங்கிப் போகும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் மறுபடி தெரியும். நான் பார்த்ததும் ஒளிந்து, முகத்தைத் திருப்பியதும் எட்டிப் பார்த்த அந்த உருவத்தின் சூட்சுமம் இதுதான்! அந்த செல்கள் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கொல்லைக்குப் போகிற பையன் அவ்வளவு நேரமா நிற்பான்? அரைகுறையாகத் தெரிவதை மனசு தன் கைச்சரக்கைப் போட்டு முடித்துவிடும். கொடியில் காயும் தாத்தாவின் வேட்டிக்குக் கையும் காலும் முளைப்பது அப்படித்தான்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில், அச்சம் பிறப்பதற்கு நான்கு காரணம் சொல்கிறது: அணங்கு (பேய், தெய்வம் மாதிரி வருத்துகிற சக்தி), விலங்கு, கள்வர், தம் இறை (நம்மை அதிகாரம் செய்பவர்). இருட்டு அந்தப் பட்டியலில் இல்லை. யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. முதல் மூன்றும் வந்து நிற்பதற்கு இருட்டு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். (நான்காவது இடத்தில் எங்கள் கணக்கு வாத்தியார் இருந்தார். அவர் பட்டப்பகலிலேயே வருவார்.)

சரி, எப்படிப் போனது? லீவுக்கு வந்த சித்தி மகனால். என்னைவிடச் சின்னவன், என்னைவிடப் பயந்தாங்கொள்ளி. கரண்ட் போன ஒரு ராத்திரி, அவனை மிரட்டுவதற்காகக் கிணற்றடியில் ஒரு முனி இருப்பதாக அளந்துவிட்டேன். அவன் அழவில்லை, கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான். "அது எவ்வளவு உசரம்ணே? அதுக்குப் பசிக்காதா? மழை பெஞ்சா எங்க போவும்?" நானும் விடாமல் பதில் சொன்னேன். பனைமர உயரம், ஒரு கால் நொண்டி, கருப்பட்டி என்றால் உயிர், மழைக்கு மோட்டார் ரூமில் ஒதுங்கும். மறுநாள் ராத்திரி அவனைக் கொல்லைக்குக் கூட்டிப் போக வேண்டிய ஆள் நானாகிவிட்டேன். கிணற்றடியைத் தாண்டும்போது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நொண்டி முனி துரத்தினால் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று எனக்குத்தானே தெரியும்!

அதனால் பயப்படுகிற குழந்தையிடம் "பேயெல்லாம் கிடையாது, தூங்கு" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு மூன்று வயதில் கற்பனை வளரும்போதே இந்தப் பயமும் கூட வருவது சகஜம். ஒரு வாய் சோற்றுக்காகச் சாயங்காலம் பூச்சாண்டியைக் கூப்பிட்டதும் நாம்தான். ராத்திரி அவன் இல்லையென்றால் பிள்ளை எப்படி நம்பும்? அது எப்படி இருக்கும், என்ன சாப்பிடும் என்று கேளுங்கள். அப்புறம், ஒரு சின்ன விளக்கு எரிந்தால் கரண்ட் பில் ஒன்றும் ஏறிவிடாது.

எனக்கு முழுசாகப் போய்விட்டதா என்றால், இல்லை. மாடி விளக்கை அணைத்துவிட்டு இறங்கும்போது கடைசிப் படிகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் வேகம் கூடும்.