துவக்குக் குழலைப் பார்சலில் போடுவதற்கு முன்

தம்பி, நீங்கள் சுவிசின் பாசலில் பி வதிவிட அனுமதியோடு இருக்கிறீர்கள், கையில் இந்தியக் கடவுச்சீட்டு. முறைப்படி வாங்கிய .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான போல்ட் அக்சன் (கையால் இழுத்துப் பூட்டும்) துவக்கின் குழல் தேய்ந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மன் பட்டறைக்காரர் ஒருவர் புதுக் குழல் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். குழலை மட்டும் கழற்றிப் பார்சலில் அனுப்பலாமா, இல்லை ஐரோப்பியத் துவக்குப் பாஸ் எடுத்துக் காரில் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிவராது.

முதலில் பார்சல். சுவிஸ் ஆயுதச் சட்டத்தில் குழல், தோட்டா அறையை அடைக்கும் போல்ட், போல்ட் ஓடும் உடற்பகுதி மூன்றும் அத்தியாவசியப் பாகங்கள். தனியாகக் கழற்றி வைத்தாலும் துவக்குக்கு உள்ள கட்டுப்பாடுதான் அவற்றுக்கும். மரப்பிடி, விசைத்தொகுதி, தொலைநோக்கி வளையம் இவை அப்படியல்ல. சுங்கத்தில் சொல்லிவிட்டு அனுப்பலாம். பிடி வேலைக்கு மட்டும் என்றால் பிடியைக் கழற்றி அனுப்பினால் போதும், பாதித் தலைவலி மிச்சம்.

பாஸில்தான் அதிகம் பேர் சறுக்குவது. ஜெர்மன் சட்டம் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. 'மிட்நாமெ' என்றால் பயணத்தில் உங்கள் வசமே வைத்திருந்து திரும்பக் கொண்டுவருவது. போட்டிக்கும் வேட்டைக்கும் போகிறவர்களின் பாஸ் இதற்குத்தான். 'ஃபெர்பிரிங்கன்' என்றால் எல்லை தாண்டிக் கொண்டுபோய் இன்னொருவர் வசம் ஒப்படைப்பது. பட்டறை மேசையில் துவக்கை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினால் அது இரண்டாவது வகை. பாஸ் அதற்குப் பதிலாகாது.

ஆகவே பத்திரங்களின் வரிசை முக்கியம். பட்டறைக்காரரின் தொழில் உரிமப் பிரதியை வாங்குங்கள். தன் ஊர் ஆயுத அலுவலகத்தில் உள்ளே கொண்டுவரும் அனுமதியை அவரே எடுக்கட்டும். அது கைக்கு வந்த பிறகுதான் பேர்னில் உள்ள ஃபெட்போலின் (சுவிஸ் கூட்டாட்சிப் பொலிஸ்) ஆயுத மத்திய அலுவலகத்தில் 'பெக்லைட்ஷைன்' என்ற கூடப்போகும் பத்திரத்தைக் கேளுங்கள். யார் அனுப்புகிறார், யார் பெறுகிறார், எந்த இலக்கமுள்ள பாகம், எப்படிப் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பொருள் போய்ச் சேரும்வரை அது கூடவே போக வேண்டும். பெறுபவருக்கு அங்கே உரிமை இருப்பது தெரியாமல் அவர்கள் தரமாட்டார்கள். முதலில் இங்கே விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது வீண்.

திரும்பி வருவதற்கு வேறு அனுமதி. அதுவும் ஃபெட்போலிடம்தான். ஆனால் அனுப்பும் நாளிலேயே எடுத்துவிடாதீர்கள்: அது 6 மாதத்துக்குத்தான் செல்லும், குழல் வேலை இழுபடக்கூடியது. பட்டறை முடியும் நாளைச் சொன்னதும் போடுங்கள். புதுக் குழலில் புது இலக்கம் இருக்கும், விண்ணப்பத்தில் அதுதான் வர வேண்டும். பழைய குழலும் வேண்டுமென்றால் அது இன்னொரு உருப்படி. துவக்கு வாங்கும்போது, உங்களுக்கு வாங்க உரிமை உண்டு என்று இந்தியாவிலிருந்து எடுத்த உறுதிக் கடிதத்தின் பிரதியையும் தேடி வையுங்கள். வாங்க உரிமை உள்ளவருக்குத்தான் இந்த அனுமதியும்.

இந்த இடத்தில் ஒன்று. இலங்கை, துருக்கி, சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மசிடோனியா, அல்பேனியா, அல்ஜீரியா ஆகிய எட்டு நாட்டுக் குடிமக்களுக்கு சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு துவக்கையும் அதன் பாகங்களையும் தடைசெய்கிறது. உங்கள் அறைத்தோழர் இலங்கைக் கடவுச்சீட்டில் இருந்தால், 'மச்சான், இதைக் கொஞ்சம் கொண்டுபோய்க் குடு' என்று அவர் கையில் குழலைக் கொடுத்துவிடாதீர்கள். அவரும் மாட்டுப்படுவார்.

இனி வேலை. குழலை மட்டும் அனுப்பினால் பட்டறைக்காரரால் ஒழுங்காக எதுவும் செய்ய முடியாது. தோட்டா அறையின் ஆழத்தைப் போல்ட்டின் முகத்திலிருந்துதான் அளப்பார்கள். ஹெட்ஸ்பேஸ் என்பது அது. அதைப் பார்க்க அறைக்குள் வைக்கும் அளவுக் கட்டைதான் கேஜ். .308க்குக் 'கோ' கேஜ் 41.40 மில்லிமீற்றர், 'ஃபீல்ட்' கேஜ் 41.61. நடுவில் இருப்பது ஐந்தில் ஒரு மில்லிமீற்றர். கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், ஃபீல்ட் கேஜில் மூடவே கூடாது. மூடினால் சுடும்போது தோட்டாக் கோது அடிப்பக்கம் இழுபட்டுக் கிழியலாம். அதனால் உடற்பகுதி, அதே போல்ட், குழல் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். மேலும், குழல் மாற்றினால் ஜெர்மனியில் சோதனைச் சுடுதல் கட்டாயம். எல்லையோர மாநிலமான பாடன்-வூர்ட்டம்பேர்க்கில் உள்ள பட்டறை என்றால் வழக்கமாக உல்ம் நகரில் இருக்கும் சோதனைச் சுடுதல் அலுவலகம். அதிகபட்ச அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடிய தோட்டாவைச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். அந்த நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

சுங்கத்தில் இங்கே 'திருத்தத்துக்காக வெளியே போய் வருவது' என்றும், அங்கே 'திருத்தத்துக்காக உள்ளே வந்து போவது' என்றும் பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் திரும்பும்போது கூலி, புதுக் குழல், அனுப்புசெலவுக்கு மட்டும் 8.1 விழுக்காடு வரி. 1,100 பிராங்க் பில்லுக்கு 89.10. பதியாமல் போனால் அந்தப் பக்கம் முழுத் துவக்கின் பெறுமதிக்கும் 19 விழுக்காடு கேட்பார்கள், இங்கே திரும்பவும் கேட்பார்கள். படிவத்தில் மூன்று பாகங்களின் இலக்கமும் தனித்தனியாக இருக்கட்டும். 'துவக்குப் பாகம் 1' என்று எழுதினால் போனதும் வந்ததும் ஒன்றுதான் என்று காட்ட வழியில்லை. ஆளில்லாத சின்னக் கடவையால் போகாதீர்கள்.

ஆயுத வணிக உரிமமுள்ள பாசல் கடைக்காரர் ஒருவர் இதையெல்லாம் தன் பேரில் செய்து தருவார். முதல் தடவைக்கு அந்தக் கூலியைக் கொடுப்பதே மலிவு. வெறும் குழல் மாற்றத்துக்கு ஜெர்மனி தேவையா என்பதும் எனக்குச் சந்தேகம்; அதே குழலைத் தருவித்துப் போடும் பட்டறைகள் சுவிசிலேயே உண்டு, இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள்.

பொதி செய்யும்போது அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஒரு தோட்டாகூட அந்தப் பெட்டியில் இருக்கக் கூடாது. எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள், கூடினால் அட்டை ஊறி உரியும், ஒட்டிய பத்திரமும் போகும். போல்ட்டைத் தனியே சுற்றுங்கள். குழல் வாய்க்கு நெகிழி மூடி போடுங்கள். பழைய குழல்தானே என்று விட வேண்டாம். புதியது திரும்பி வருவதும் அதே பெட்டியில்தான், அந்த விளிம்பில் ஒரு சின்ன நசுங்கல் பட்டால் குறி விலகும்.